பிடிபட்ட பிறகு தொடங்கும் ஆட்டம்

கறம்பக்குடி, வடகாடு, ஆலங்குடி சுற்றுவட்டாரத்தில் கபடி பார்க்க வருகிற பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே நுழையும்போது அவர்கள் பாட்டுக்கு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, தேங்காய் விலை பேசிக்கொண்டு இருப்பார்கள். அவன் ஒருவனைத் தொட்டதும் பேச்சு நிற்கும், கழுத்து நீளும். தொட்டாயிற்று, இனி எப்படிக் கோடு வந்து சேரப்போகிறான் என்பதுதான் அவர்களுக்கு ஆட்டம். தொடுவது கைநீளமும் துணிச்சலும் இருக்கிற எவனுக்கும் வாய்க்கும். தொட்டதைக் கட்டிக்காத்துக் கொண்டுவந்து சேர்ப்பவனைத்தான் ஆட்டக்காரன் என்பார்கள்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வாடிவாசல் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டிலேயே ஜல்லிக்கட்டு அதிகமாக நடக்கிற மாவட்டம் புதுக்கோட்டை. வாடியை விட்டு நேரே பாய்ந்து ஓடி மறைகிற மாட்டை இங்கே யாரும் மறுநாள் நினைத்துப் பேசுவதில்லை. நின்று விளையாடுகிற மாடுதான் பேச்சு. ஆட்களைக் கிட்டே வரவிட்டு, திமிலில் கை விழப்போகிற நேரம் பார்த்து உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி எல்லோரையும் உதறுகிற மாடு. ஓடத் தெரிந்தும் ஓடாமல் நிற்பதில் இருக்கிற அழகை இந்த மண்ணில் சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய ஆட்டக்காரர் பர்தீப் நர்வால்.

அரியானா மாநிலம் சோனிபத் மாவட்டத்தில் ரிந்தானா என்கிற கிராமம் அவர் ஊர். பிறந்தது 1997. புரோ கபடி லீக்கின் இரண்டாம் சீசனில், 2015-இல், பெங்களூரு புல்ஸ் அணிக்காக முதன்முதலாகக் களம் இறங்கினார். அந்த சீசன் முழுக்க அவர் எடுத்தது 9 ரைடு புள்ளிகள். ஒன்பதே ஒன்பது. பத்தொன்பது வயது நிரம்பாத பையன், வாய்ப்பும் அதிகம் இல்லை, எடுத்ததும் சொல்லும்படியாக இல்லை. அடுத்த சீசனில் பாட்னா பைரேட்ஸுக்குப் போனார். 116 புள்ளிகள், கோப்பை. அதற்கடுத்த சீசனும் அதே 2016-ஆம் ஆண்டில் நடந்தது. 131 புள்ளிகள், மறுபடியும் கோப்பை. அந்த இரண்டாவது கோப்பையை வென்ற பாட்னா அணிக்குத் தலைவர் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர், தஞ்சாவூர் தர்மராஜ் சேரலாதன். கார்னரில், அதாவது பிடிகாரர் வரிசையின் ஓரத்தில், நின்று ஆடுபவர். வடநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் "அண்ணா" என்றே கூப்பிட்ட மனிதர். எதிரணி ரைடரின் கணுக்காலைக் கவ்வுவதில் தேர்ந்த ஒருவரின் தலைமையில் ஆடிய காலத்தில்தான் பர்தீப் முழு ஆட்டக்காரராகத் திரண்டார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பயிற்சிக் களத்தில் தினமும் சேரலாதனைத் தாண்டி வரவேண்டிய பையனுக்கு வெளியில் எந்தக் கார்னர் பெரிதாகத் தெரியும்?

பிறகு வந்தது 2017. ஐந்தாம் சீசன். பர்தீப் இப்போது பாட்னாவின் தலைவர். 26 ஆட்டங்களில் 369 ரைடு புள்ளிகள். முந்தைய இரண்டு சீசன்களையும் கூட்டினாலும் எட்டாத எண்ணிக்கை. அது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டுமானால் களத்தின் அளவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு அணியின் பக்கம் நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஆறரை மீட்டர். அதில் 3.75 மீட்டரில் ஒரு கோடு. ஒருவரையும் தொடாத ரைடர் அதையாவது தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும். இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்து, மற்றக் காலைத் தூக்கிவிட்டால் ஒரு புள்ளி. ரைடுக்கு முப்பது நொடி. போனஸ் எடுக்கப் போகிற ரைடருக்கும் அவர் உயிருக்கும் நடுவே, அதாவது நடுக்கோட்டுக்கும் அவருக்கும் நடுவே, ஏறத்தாழ ஐந்து மீட்டர் வெளி. அந்த ஐந்து மீட்டரில் ஏழு பேர் புகுந்துகொள்ளலாம். புகுந்துவிட்டால் கதை முடிந்தது என்பதுதான் காலங்காலமாகக் கபடியில் இருந்த கணக்கு. ஆகவே நல்ல ரைடர் என்றால் யாரும் சுற்றி வளைக்கும் முன் தொட்டுவிட்டு வந்துவிட வேண்டும். ராகுல் சௌத்ரி ஓட்டத்திலேயே கையை நீட்டித் தொடுவார். அஜய் தாக்கூர் நீளமான காலை விட்டுத் தொடுவார், மாட்டினால் தவளைத் தாவலாகத் தாவி மேலே போய்விடுவார். இவர்கள் எல்லோருக்கும் கலை, சூழப்படாமல் இருப்பதில் இருந்தது.

பர்தீப் சூழப்பட்டார். வேண்டுமென்றே என்றுகூடச் சொல்வேன்.

டுப்கி என்று அதற்குப் பெயர். தண்ணீரில் முங்குவதுபோன்ற அசைவு என்பதால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பையன்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். அவருக்கு முன்பும் அதைச் செய்தவர்கள் உண்டு. தப்பிக்க வேறு வழியில்லாதபோது கடைசியாக எடுக்கிற ஆயுதமாக அது இருந்தது. அவர் அதையே தன் ஆட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பர்தீப் உள்ளே போய்ப் போனஸ் கோட்டருகே காலை நீட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கார்னர் பின்னாலிருந்து அரை அடி நகர்கிறார். கார்னர்களுக்கு உட்பக்கம், கவரில் நிற்கிற இருவர் கைகோத்தபடி நடுக்கோட்டுப் பக்கம் வளைந்து வந்து வழியை அடைக்கிறார்கள். அடைபட்டாயிற்று. இந்த இடத்தில் மற்ற ரைடர்களின் கால்கள் பதறும். பக்கவாட்டில் ஓடிப் பார்ப்பார்கள். பர்தீப்பின் உடம்பில் ஒரு சின்ன நிற்றல் தெரியும். அரை நொடிகூட இருக்காது. நான் மிகவும் ரசிப்பது அந்த நிற்றலைத்தான். அவர் நிற்பதால் எதிரே வருகிறவர்கள் இன்னும் ஒரு அடி கிட்டே வருகிறார்கள். கை நீட்டுகிறார்கள். மார்பு உயரத்தில் நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் அவரை நோக்கி வருகின்றன. ஒரு கை முதுகில் பட்டும்விடுகிறது.

அப்போதுதான் உடம்பு இறங்குகிறது. தலை முதலில். தாடை நெஞ்சோடு ஒட்டுகிறது, முதுகு தரைக்குச் சமமாகிறது, ஒரு உள்ளங்கை விரிப்பில் ஊன்றுகிறது. கோத்த கைகளுக்குக் கீழே, எதிராளிகளின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன வாசலில் தோளைச் செருகுகிறார். பின்கால் இரண்டும் விரிப்பை உதைக்கின்றன. மேலே விழுகிற ஆட்களின் எடையே அவரை முன்னால் தள்ளுகிறது. கை நீள்கிறது. விரல் நுனி நடுக்கோட்டைத் தொடுகிறது. எழுந்து பார்த்தால் அவரைப் பிடிக்க வந்து கைவைத்த அத்தனை பேரும் வெளியே.

இதில் உள்ள நுட்பத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சங்கிலி போட்டு வருகிறவர்களின் பலம் அவர்கள் கோத்திருக்கிற கையில் இருக்கிறது. அந்தக் கோர்வை வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவில்தான் உறுதியாக நிற்கும். அதற்குக் கீழே வருகிற ஒருவனைத் தடுக்க வேண்டுமானால் கையை விட வேண்டும், இல்லையென்றால் இருவரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். இரண்டும் நேரம் பிடிக்கிற வேலை. முன்னோக்கி ஓடி வருகிற உடம்பைச் சட்டென்று கீழே இறக்குவது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, நிமிர்ந்து நிற்கிற மனிதனிடம் பிடிப்பதற்கு இடுப்பு இருக்கிறது, தொடை இருக்கிறது. கிடைமட்டமாகிவிட்ட மனிதனிடம் வியர்வை வழிகிற முதுகு மட்டும்தான் இருக்கிறது. கை வழுக்கும். வழுக்கிய கையும் தொட்ட கைதான். அதற்கும் புள்ளி உண்டு. பிடிக்க முயன்று தோற்கிற ஒவ்வொருவரும் ரைடரின் கணக்கில் ஏறுகிறார் என்ற கபடி விதியை இவ்வளவு ஆழமாக உள்வாங்கிய உடம்பு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மூச்சையும் மறந்துவிடக் கூடாது. விதிப்படி ரைடர் பாட்டை நிறுத்தக் கூடாது. நாலு பேர் மேலே விழுந்து நெஞ்சு விரிப்பில் அழுந்தும்போதும் "கபடி கபடி" வாயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் அரங்கத்தின் இரைச்சலில் அது கேட்காது. கறம்பக்குடிப் பக்கத்துக் களத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். தென்னந்தோப்பு ஓரத்தில் மண்ணை வெட்டிக் கொத்திச் சமப்படுத்தி, மரத்தூள் தூவி, நாலு மூலையிலும் விளக்குக் கட்டி விடிய விடிய நடக்கிற எழுவர் கபடியில், இத்தனை கிலோவுக்குள் என்று எடை போட்டு இறக்கின பையன்கள் பாடுகிறார்கள். மைக்கில் பேசுகிறவர், நன்றாகப் பாடிய தம்பிக்கு இன்னார் நூறு ரூபாய் அன்பளிப்பு என்று அடுத்த ரைடுக்குள் அறிவித்துவிடுவார். அங்கே ஒருவன் டுப்கி அடிக்கும்போது சத்தத்தைக் கேட்க வேண்டும். குனிகிற வரைக்கும் பாட்டு தெளிவாக இருக்கும். குனிந்ததும் அது தொண்டைக்குள் போய் முனகலாகும். ஆட்கள் மேலே விழுந்ததும் "ப்டி, ப்டி" என்று துண்டு துண்டாக வரும். கை கோட்டைத் தொட்டதும் ஒரு பெரிய மூச்சாக வெளியேறும். நடுவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மண் களத்தில் உந்தித் தள்ளக் காலணி கிடையாது, பெருவிரல்தான். எழுந்து வருகிற பையனின் தாடையிலும் முழங்கையிலும் மண் அப்பியிருக்கும், அவன் அதைத் தட்டாமலே போய் நிற்பான்.

பர்தீப்பின் 2017-க்கு வருவோம். அக்டோபரில் வெளியேற்றுச் சுற்று, எதிரே அவர் சொந்த மாநிலத்து அணியான அரியானா ஸ்டீலர்ஸ். பாட்னா 69, அரியானா 30. அதில் பர்தீப் ஒருவரே 34 புள்ளிகள். எதிரணி முழுவதும் எடுத்ததைவிட ஒரே மனிதர் எடுத்தது அதிகம். அந்த ஆட்டத்தில்தான் அந்த எட்டுப் புள்ளி ரைடு. களத்தில் ஆறு பேர் மிச்சம். ஆறு பேரும் ஒரே ரைடில் வெளியே. அணி முழுதாகக் காலியானதற்கு மேலும் இரண்டு புள்ளி. வழக்கமாக ஒரு ரைடில் மூன்று புள்ளி எடுத்தாலே அது பெரிய ரைடு என்று பெயர் வாங்கிவிடும். அந்த ஒரு ரைடை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் பர்தீப்பை விட்டு எதிராளிகளிடம் போய்விடும். ஆறு பேரில் ஒருவராவது கையை இழுத்துக்கொண்டு விலகியிருக்கலாம். ஒருவரும் விலகவில்லை. இதோ பிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையை அவர் கடைசிக் கணம் வரை அவர்களிடமிருந்து பறிக்கவே இல்லை.

இறுதிப்போட்டி சென்னையில், அக்டோபர் 28. எதிரே குஜராத். அந்த அணியின் கார்னர்கள் இருவரும் ஈரானியர்கள், பசல் அத்ராசலியும் அபோசர் மிகானியும். பசல் முந்தைய ஆண்டு பாட்னாவில் பர்தீப்போடு சேர்ந்து கோப்பை தூக்கியவர். குஜராத்தின் பயிற்சியாளர் மன்பிரீத் சிங், பர்தீப்பின் முதல் கோப்பையில் பாட்னாவுக்குத் தலைவராக இருந்தவர். இவர் எந்தப் பக்கம் குனிவார், எப்போது குனிவார் என்று உள்ளிருந்து அறிந்த இரண்டு பேர் எதிரே இருந்தார்கள். 55-38 என்று பாட்னா வென்றது. பர்தீப் 19 புள்ளிகள். தொடர்ந்து மூன்றாவது கோப்பை. தெரிந்தே மாட்டுவது என்பது இதுதான். டுப்கி வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வந்தது.

கடல் தாண்டிய ஓர் ஆட்டக்காரரை இங்கே அழைத்து வர ஆசைப்படுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்று ஒரு இடம் உண்டு. பந்தைக் கையில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பதினோரு பேர் மறித்து வருவதற்கு நடுவே எத்தனை கெஜம் முன்னேற முடியுமோ அத்தனை முன்னேற வேண்டும். கபடி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த ஆட்டத்தில் உடனே பிடிபடுவது அந்த இடம்தான். அதில் பெரும்பெயர் பெற்றவர் பாரி சாண்டர்ஸ். கன்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் 1968-இல் பிறந்தவர். கூரை வேயும் தொழிலாளியின் மகன், வீட்டில் பதினோரு பிள்ளைகள். உயரம் ஐந்தடி எட்டங்குலம்தான். எதிரே வருகிறவர்கள் பலரும் அவரைவிட ஒரு தலை உயரம். கல்லூரி ஆட்டத்தில் 1988-இல் ஒரே பருவத்தில் 2,628 கெஜம் ஓடினார். மறு ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆடினார்.

அவர் ஓடிய காட்சிகளைப் பாருங்கள். நேரே முன்னால் போகவேண்டிய மனிதர் பின்னால் போவார். பந்தோடு நாலைந்து கெஜம் பின்வாங்கி, இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து, ஒரே காலில் நின்று திசை மாற்றி, அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளும்போது மறுபக்கம் போய்விட்டிருப்பார். இதற்கு விலையும் உண்டு. 1994 பருவத்தின் முடிவில் கிரீன் பே அணியோடு நடந்த ஒரு முக்கியமான ஆட்டத்தில் 13 முறை பந்தை வாங்கி ஓடி மொத்தமாக அவர் கண்டது ஒரு கெஜ நஷ்டம். நேரே மோதியிருந்தால் ஒன்றிரண்டு கெஜமாவது மிஞ்சியிருக்கும். அவர் மோதுகிற ஆட்டக்காரர் இல்லை. நஷ்டத்துக்கு அஞ்சி ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மூன்று ஆண்டு கழித்து 1997-இல் ஒரே பருவத்தில் 2,053 கெஜம் ஓடினார். அந்தப் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 53 கெஜம், அதன்பின் வந்த பதினான்கு ஆட்டங்களிலும் தவறாமல் நூறுக்கு மேல்.

அவரிடம் எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுத்ததும் மற்றவர்கள் பந்தைத் தரையில் அடித்து ஆடுவார்கள். சாண்டர்ஸ் நடந்து போய்ப் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். 1999-இல், வால்டர் பேட்டனின் 16,726 கெஜ சாதனைக்கு 1,457 கெஜம் மிச்சம் இருந்தபோது, சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஃபேக்ஸில் ஒரு கடிதம் அனுப்பி ஓய்வு பெற்றுவிட்டார். இன்னும் ஒரு பருவம் ஆடியிருந்தால் போதும். அவருக்கு அது தேவைப்படவில்லை.

பர்தீப்புக்கும் சாண்டர்ஸுக்கும் வேறு எதிலும் ஒப்புமை தேடவில்லை. ஒருவர் முன்னே போகவேண்டியவர், இன்னொருவர் திரும்பி வரவேண்டியவர். அமெரிக்க ஆட்டத்தில் விழுந்த இடம் வரைக்கும் கணக்கு. கபடியில் விழுந்த இடத்துக்கு மதிப்பே கிடையாது, கோடு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தாலும் சேராவிட்டால் ரைடர் வெளியே. அந்த வகையில் பர்தீப்பின் வேலைதான் கடினம் என்பது என் கட்சி. இருவரும் சேர்கிற இடம் ஒன்றுதான்: எதிராளி கிட்டே வரட்டும் என்று காத்திருக்கிற அந்தப் பொறுமை.

நம் பக்கத்து ரைடர்களைச் சொல்லாமல் போனால் மனம் ஆறாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையை ஒட்டித்தான் மாரி செல்வராஜ் 2025-இல் "பைசன் காளமாடன்" படத்தை எடுத்தார். கணேசன் ஆடிய காலத்தில் ஒவ்வொரு ரைடையும் பத்துக் கோணத்தில் படம் பிடித்து வைக்க யாரும் இல்லை. பர்தீப்புக்கு அந்த பாக்கியம் வாய்த்தது. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லியே பிழைத்திருக்கிற ரைடுகள் நம் ஊர்களில் எத்தனையோ.

அஜய் தாக்கூரை மட்டும் இன்னொரு முறை தொட்டுவிட்டுப் போகிறேன், அவர் மூன்று சீசன் தமிழ் தலைவாஸுக்குத் தலைமை ஏற்றவர் என்பதால். 2016 உலகக் கோப்பை இறுதிப்போட்டி, அகமதாபாத். பாதி ஆட்டத்தில் ஈரான் 18, இந்தியா 13. அதன்பின் அஜய் போய் வந்த ரைடுகளில்தான் ஆட்டம் புரண்டது, 38-29 என்று முடிந்தது. அந்த இந்திய அணியில் சேரலாதனும் இருந்தார், பர்தீப்பும் இருந்தார். அஜயின் அழகு முழுக்க உயரத்தில். தாவி எழுந்து ஆளின் தலைக்கு மேலே போகிறவர். பர்தீப்பின் அழகு முழுக்கத் தரையில். ஒரே அணியில் ஒரே ஆண்டில் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் இருந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே நிறைவாக இருக்கிறது.

மீதிக் கதையை எண்கள் சொல்லும். ஆறாம் சீசனில் 233, ஏழாம் சீசனில் 302. 2021 ஏலத்தில் யுபி யோதா அணி 1 கோடியே 65 லட்சம் கொடுத்து எடுத்தது, அதுவரை லீக்கில் யாருக்கும் கிடைக்காத தொகை. அங்கே மூன்று சீசன்: 188, 220, 122. கடைசியாக, தொடங்கிய இடமான பெங்களூருக்கே தலைவராகத் திரும்பி வந்து 111. அந்த ஆண்டு பெங்களூரு பட்டியலின் அடியில் கிடந்தது. 2025 ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஓய்வை அறிவித்தார். அப்போது மொத்தம் 1,801 ரைடு புள்ளிகள், அந்த எண்ணை வேறு எவரும் எட்டியிருக்கவில்லை. வயது இருபத்தெட்டு.

எண்கள் இறங்கியதற்கு வயதைக் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. எதிராளிகள் படித்துவிட்டார்கள். கடைசி மூன்று சீசன்களின் ஆட்டங்களை நிதானமாகப் பார்த்தால் இது தெரியும். சங்கிலி போட்டு முன்னே ஓடி வருவதைக் கவர்காரர்கள் குறைத்துக்கொண்டார்கள். அவர் நின்றால் அவர்களும் நின்றார்கள். அவர் குனிவதற்குக் காத்திருக்காமல் நிமிர்ந்திருக்கும்போதே தோளால் இடித்து எல்லைக்கு வெளியே தள்ளினார்கள். கார்னர்கள் மார்புக்கு வருவதை விட்டுவிட்டு, முதலிலேயே ஒரு முழங்காலைத் தரைக்குக் கொண்டுபோய்க் கணுக்காலுக்குக் குறி வைத்தார்கள். அவர் குனிந்து நுழையப் பார்த்த வாசலில் ஏற்கெனவே ஒருவர் குனிந்திருந்தார். அந்த நாட்களிலும் அவர் டுப்கிக்குப் போனார், மாட்டினார், மறுபடி போனார். 111 புள்ளி எடுத்த அந்தக் கடைசி சீசனிலும் அவ்வப்போது ஒன்று வரும். அந்தச் சின்ன நிற்றல், கிட்டே வருகிற கைகள், மறைகிற தலை. எல்லாம் 2017-இல் இருந்தது போலவே இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அந்த சீசனில் தோற்றுக்கொண்டிருந்த அணியின் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு தனி மனிதரின் அசைவு ஒரு தலைமுறைப் பிடிகாரர்களின் உடம்பையே மாற்றியிருக்கிறது. கறம்பக்குடிப் பக்கத்துக் களங்களில் பத்தாண்டுக்கு முன்னால் கார்னரில் நிற்கிற பையன் நெஞ்சை நிமிர்த்திக் கையை விரித்து நிற்பான். இப்போது அதே இடத்தில் நிற்கிறவன், எதிரே வருவது யாராக இருந்தாலும், முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, கையைத் தாழ்த்தி நிற்கிறான். கயிற்றுக்கு வெளியே இருந்து அணிக்காரர்கள் கத்துவதும் அதுதான்: "எறங்கி நில்லுடா, முங்கிருவான்!"